பள்ளம் தோண்டிய ஒரு வரி

நகரச் சாலைகளில் உள்ள பள்ளங்களைக் கணினியை விட்டே எண்ணிவிடுவது எனச் சாலைத் துறை திருவுளம் கொண்டது. கணினி சொன்னால் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. அதுதான் இப்போதைய நாகரிகம். குப்பை லாரியின் நெற்றியில் கேமராவைக் கட்டிப் படம் பிடித்தார்கள். படத்தை அலசும் நிரல் எழுதும் வேலை ஓர் ஆராய்ச்சி மாணவியின் தலையில் விழுந்தது. தலைமைப் பொறியாளர் சான்றிதழ் கொடுத்தால்தான் அவளுடைய ஆய்வேட்டைப் பல்கலைக்கழகம் கையால் தொடும்.

முதல் ஓட்டத்தில் திரை முழுக்க வெள்ளை. காரணம் அவளுக்கு உடனே பிடிபட்டது. படப்புள்ளியின் வெளிச்சம் 255 வரை போகும். அதை அவள் தசம எண்ணாக மாற்றியிருந்தாள். தசமம் என்றால் அந்த மென்பொருளுக்கு ஒன்றுதான் உச்சம். தாண்டியதெல்லாம் சுத்த வெள்ளை. 255ஆல் வகுக்க ஒரு வரி சேர்த்தால் தீர்ந்தது.

சேர்ப்பதற்குள் பொறியாளர் வந்து நின்றார்.

"பள்ளம் எத்தனைம்மா?"

"பூஜ்யம் சார். ஆனா அது தப்பு."

"ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து நாங்க சொல்ற கணக்கும்மா அது. எப்படித் தப்பாகும்?"

அவள் வரியைச் சேர்த்து ஓட்டிக் காட்டினாள். சாலை வந்தது, கூடவே சல்லடைக்கண்ணாகப் பள்ளங்களும் வந்தன.

"நீ வகுக்கறதுக்கு முன்னாடி ரோடு நல்லாத்தானே இருந்துச்சு?"

"ரோடே தெரியலையே சார்."

"தெரியாத ரோட்டுல யாரும்மா விழுவா?"

மேற்படி விவகாரத்தை ஆராயக் குழு அமைந்தது. பள்ளங்களுக்கு மூலகாரணம் மழையுமல்ல, ஒப்பந்தக்காரருமல்ல, வகுத்தலே என ஏகமனதாகக் கண்டறிந்தது. குழுவின் முன் அனுமதியின்றித் துறை எல்லைக்குள் எவரும் வகுக்கலாகாது என ஆணை பிறந்தது.

அவள் வாய் வலிக்க வாதாடினாள். வீட்டில் அக்கா ஒரே போடாகப் போட்டாள்: "ஊர்ப் பள்ளத்தையெல்லாம் நீயா வெட்டினே? வரியை எடுத்துட்டுச் சான்றிதழ் வாங்கற வழியைப் பாருடி."

எடுத்தாள். நிரலில் பிழையில்லை, பள்ளம் ஏதுமில்லை என்று சான்றிதழின் அடியில் கையெழுத்தும் போட்டாள்.

சான்றிதழைப் பையில் வைத்து ஸ்கூட்டரைக் கிளப்பியவள் அலுவலக வாசலைத் தாண்டவில்லை. தொப்பென்று பள்ளத்துக்குள் கிடந்தாள். அங்கே ஏற்கனவே பொறியாளரின் ஜீப் ஒருக்களித்துப் படுத்திருந்தது. அவர் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். பதிவில் பள்ளமில்லாத இடத்துக்கு மீட்பு வண்டி அனுப்ப விதியில்லையாம்.

அவளைக் கண்டதும் குரல் தேனாய் உருகியது. "அந்த வரியைக் கொஞ்ச நேரத்துக்குப் போட்டுடும்மா. ஜீப்பைத் தூக்கினதும் எடுத்துடலாம்."

"குழு அனுமதி வேணுமே சார்," என்றாள், முழங்கால் சிராய்ப்பை ஊதிக்கொண்டே.

ஜீப்பின் பின் சீட்டிலிருந்து குழு எட்டிப் பார்த்தது. "நாங்க இங்கதாம்மா இருக்கோம். ஆனா கூட்டம் ஆபீஸுக்குள்ளதானே நடத்தணும்?"

அவள் பையைத் திறந்து பார்த்தாள். சான்றிதழ் கசங்கவில்லை. 'பள்ளம் ஏதுமில்லை' என்ற வரிக்குக் கீழே அவள் கையெழுத்து பளிச்சென்று இருந்தது.