மல்லாந்த மைனா

தென்னையின் அடிமூட்டில் மைனா ஒன்று மல்லாந்து படுத்து, இரண்டு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, ஜெபசீலனையே பார்த்துக்கொண்டிருந்தது. செத்த மைனா இப்படிப் பார்க்காது. உயிருள்ள மைனா இப்படிப் படுக்காது. பன்னிரண்டு வருடமாகப் பின்கட்டுப் பறவைகளை நோட்டில் எழுதிவரும் ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டருக்கே இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஆனாலும் எழுதினார்: "காலை 7.10. மைனா, ஒன்று. படுத்திருக்கிறது. 7.14. எழுந்தது. நடந்தது. வாழையில் முட்டியது. மறுபடி படுத்தது."

கொஞ்ச நேரத்தில் மைனாக்கள் ஏழாயின. அப்புறம் கொண்டைக்குருவிகள். கடைசியாக வால்காக்கை. முட்டை திருடும் ஜென்மம் என்பதால் மற்றப் பறவைகள் அதைக் கண்டாலே துரத்தும். அன்றைக்கு ஒரு கொண்டைக்குருவி அதன்மேல் சாய்ந்துகொண்டு கண்ணை மூடியது.

மனைவி குளோரி எட்டிப் பார்த்தாள். "கேட்டியளா, இது கேரளாவில வந்திருக்க பறவைக் காய்ச்சலாக்கும். களியக்காவிளை செக்போஸ்டுல வண்டிக்கெல்லாம் மருந்து அடிக்கினும்."

"மெதுவா பேசு."

"நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாறாவளே."

ஜெபசீலன் நோட்டை மூடினார். மகள் பிரிஜாவுக்கு முப்பத்தொரு வயது. பதினேழு வரன் தட்டிப்போய், பதினெட்டாவதாக அமைந்தது நேசமணியின் மகன். நேசமணி, சபையின் மதுவிலக்குச் சங்கத் தலைவர். ஜெபசீலன் செயலாளர். குடிக்காத குடும்பத்தில்தான் பெண்ணெடுப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்ற நேசமணி, ஊரெல்லாம் சலித்துவிட்டுத்தான் இந்த வீட்டுக்கு வந்தார். நாளை நிச்சயதார்த்தம். காய்ச்சல் என்று ஒரு வார்த்தை வெளியே போனால் அதிகாரிகள் வந்து வீட்டையே அடைத்துவிடுவார்கள். இதுவும் தட்டிப்போனால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஜெபசீலனுக்குத் தெரியவில்லை.

தகர டின்னை எடுத்துத் தட்டினார். பறவைகள் பறக்கவில்லை. வரிசையாக நடந்து, வீட்டைச் சுற்றி வந்து, முற்றத்தில் போட்டிருந்த நிச்சயதார்த்தப் பந்தலுக்குள் நுழைந்தன. வால்காக்கை மாப்பிள்ளைக்கு வைத்திருந்த நாற்காலியில் ஏறிப் படுத்தது.

"மஞ்சத்தண்ணி வச்சா கிருமி சாவும்" என்றாள் குளோரி.

பெரிய வட்டைப் பாத்திரத்தில் மஞ்சளைக் கரைத்துத் தெளித்தார்கள். மீதியைக் கீழே வைத்ததும் பறவைகள் ஒவ்வொன்றாக உள்ளே விழுந்து குளித்தன. கிருமி செத்ததா என்று தெரியாது. பறவைகள் அத்தனையும் மஞ்சளாகிவிட்டன.

மதிலுக்கு மேலே பக்கத்து வீட்டு ராஜகுமாரின் தலையும் செல்போனும் தெரிந்தன. "சாரே, இது என்ன ஜாதி? நம்ம ஊருல காணாத பறவையாக்குமே."

பன்னிரண்டு வருடத்தில் ஒரு பறவைக்குக்கூட ஜெபசீலன் தப்பான பெயர் எழுதியதில்லை. "இது ரஷ்யாவில இருந்து வாறது" என்றார்.

"பேரு?"

"மஞ்சள் மல்லாத்தி."

சொன்ன மாத்திரத்தில் அவருக்கே வெட்கமாக இருந்தது. ராஜகுமார் அதற்குள் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டான். அரைமணி நேரத்தில் மதிலைச் சுற்றி இருபது பேர். மஞ்சள் மல்லாத்தி முட்டையிடுமா, குட்டி போடுமா என்று ஒருவர் கேட்டார்.

ஜெபசீலன் பறவைகளைப் பொறுக்கிப் பொறுக்கிக் கோழிக்கூட்டில் அடைத்துக்கொண்டிருக்கும்போது நேசமணியிடமிருந்து போன் வந்தது.

"உங்க வீட்டுப் பறம்புல என்னமோ அபூர்வப் பறவையாமே. எனக்க மச்சான், பெஞ்சாதிக்க தம்பி, மாட்டு டாக்டராக்கும். அவனுக்குப் பாக்கணுமாம். இப்ப கூட்டிட்டு வாறேன்."

"இண்ணைக்கு வேண்டாம். அதுவளுக்கு யாத்திரைக் களைப்பு."

"வண்டியில ஏறியாச்சு ஓய்."

பத்து நிமிடத்தில் வந்துவிட்டார்கள். டாக்டர் கூட்டிலிருந்து ஒரு மஞ்சள் மைனாவை எடுத்தார். கண்ணைப் பார்த்தார். அலகைப் பிரித்து மோந்து பார்த்தார்.

"காய்ச்சல் ஒண்ணும் இல்ல" என்றார் டாக்டர்.

ஜெபசீலனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"குடிச்சிருக்கு."

டாக்டர் மோப்பம் பிடித்தபடி வாழைக்குப் பின்னால் போனார். அங்கே ஒரு குவியல். பிழிந்த திராட்சைத் தோலும் விதையும் சேர்ந்த சண்டி, நடுவில் பட்டையும் கிராம்பும். கையிலெடுத்து மோந்தார். "கிறிஸ்மஸ் ஒயினுக்க சண்டியாக்கும். பரணிச் சாடியில போட்டு நல்லா ஊறினது. தெரிஞ்ச கைப்பக்குவம் மாதிரி இருக்கு."

நேசமணியின் முகம் கறுத்தது. "செயலாளரே."

"சத்தியமா எனக்குத் தெரியாது. மூணு தலைமுறையா இந்தப் பறம்புக்குள்ள ஒரு சொட்டு வந்ததில்ல."

"பறவையே தள்ளாடுது. மனுசருக்க கதையை நான் கேக்கணுமா? இப்படியொரு வீட்டுல எனக்க மகன் கை நனைக்க மாட்டான். நாளைக்கு நாங்க வரல்ல."

மதிலுக்கு மேலிருந்த இருபது தலைகளும் இதைக் கேட்டன. குளோரி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வாசலில் நின்றிருந்த பிரிஜா உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று ஜெபசீலனுக்கு இருந்தது. தென்னை மூட்டிலேயே உட்கார்ந்தார். மகளின் வாழ்க்கை தன் கண்முன்னே போயிற்று, யார் செய்த பாவம் என்றுகூடத் தெரியாமல் போயிற்று என்று நினைத்தபோது அவருக்குக் கண் நிறைந்தது. தானும் அந்த மைனாவைப்போல் மல்லாந்துவிட்டால் தேவலை போலிருந்தது.

அப்போதுதான் பின்வாசல் வழியாக விளக்குமாறோடு வந்தாள் வேளாங்கண்ணி. ஜெபசீலன் வீட்டிலும் நேசமணி வீட்டிலும் முற்றம் பெருக்குகிறவள். குவியலைப் பார்த்தாள், அழுகிற குளோரியைப் பார்த்தாள், விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு நேசமணியிடம் சொன்னாள்:

"நீங்க எதுக்கு சாரே இங்க வந்து சத்தம் போடுதீய? உங்க வீட்டம்மாவாக்கும் நேத்து ரெண்டு வாளி நிறைய இந்தச் சண்டியைத் தந்து, 'நம்ம பறம்புல தட்டினா மணம் காட்டிக் குடுத்திரும், ஜெபசீலன் சாருக்க வீட்டுல கொண்டு தட்டு, அங்கன்னா ஒருத்தரும் சந்தேகப்பட மாட்டாவ'ன்னு சொல்லிவிட்டாவ."