அப்பாவுக்குக் கொம்பு முளைத்த படம்

என் அப்பாவின் தலையில் இரண்டு கொம்பு முளைக்க வைத்தவன் நான்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கும் அந்தப் படம் தொங்குகிறது. வருகிறவர்கள் உற்றுப் பார்த்துவிட்டு, கேட்கலாமா வேண்டாமா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். (கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன்.)

தருமபுரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு அப்போது இருபது வயது. சிங்கப்பூரில் வேலை பார்த்த அக்கா வீட்டுக்காரர், லீவில் வந்தபோது ஒரு ஜப்பான் கேமரா கொண்டுவந்தார். மூடினால் டப்பா, திறந்தால் துருத்தி மாதிரி மூக்கை நீட்டும். அந்தக் கம்பெனி ஆரம்பத்தில் ஜெர்மன்காரனிடம் கண்ணாடி வாங்கித்தான் கேமரா செய்ததாம். "இப்ப அவங்களே கண்ணாடி அரைக்கறாங்க மாப்ள" என்றார் மாமா, ஏதோ பக்கத்தில் உட்கார்ந்து தானும் அரைத்த மாதிரி.

பிலிமில் எட்டுப் படம். ஐந்தை அவர் சிங்கப்பூரிலேயே எடுத்துவிட்டார். ஆறாவதைத் தயாராகத் திருகி வைத்து, கேமராவை என்னிடம் விட்டுப் போகும்போது முறையெல்லாம் விளக்கினார். நான் தலையாட்டிக்கொண்டே, அதைத் தோளில் மாட்டியபடி கடைவீதியில் நடக்கிற என் அழகை மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்து உலக யுத்தத்தில் ஜப்பான்காரனும் சண்டைக்கு வந்துவிட்டான். ஜப்பான் சாமான் வைத்திருந்தால் ஒற்றன் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று காப்பிக் கடையில் பேச்சு. வீட்டுக்கு வந்து கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் வட்டமாக ஒரு சிவப்புக் கண்ணாடி. ஜப்பான் கொடியேதான். கறுப்புத் துணியில் பசை தடவி அதை மறைத்து ஒட்டினேன். அதன் வழியாகத்தான் படத்தின் நம்பர் தெரியும், ஒவ்வொரு படத்துக்கும் அடுத்த நம்பர் வரும்வரை பிலிமைத் திருக வேண்டும் என்று மாமா படித்துப் படித்துச் சொன்னாராம். எனக்கு அது கொடி. திருகுகிற குமிழோ, கிராமபோன் சாவி மாதிரி ஏதோ. முறுக்கினால் ஸ்பிரிங் அறுந்துவிடும் என்று தொடவே இல்லை.

அந்த வருஷம் அப்பாவுக்கு மூச்சிரைப்பு அதிகமானது. மாட்டுக்குத் தண்ணி காட்டிவிட்டு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்காருவார். ஒருநாள் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்பாவ ஒரு படம் புடிச்சு வெச்சிரு சாமி" என்றாள். எனக்குப் புரிந்தது.

கை பழகட்டும் என்று முதலில் அப்பாவின் மயிலைக் காளையை எடுத்தேன். பிறகு அம்மாவை. அப்பா பக்கத்தில் நிற்கச் சொன்னதற்கு, கூச்சத்தில் முடியவே முடியாது என்று தனியாக நின்றாள். கடைசியில் அப்பா. சவரம் செய்துகொண்டு, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டு, வைக்கோல் போர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். இருமலை அடக்கியதில் கண்ணில் நீர் முட்டி நின்றது.

"புடிச்சிட்டியாடா?"

"புடிச்சிட்டனுங்கப்பா."

தருமபுரி ஸ்டுடியோவில் கழுவக் கொடுத்தேன்; சண்டைக் காலத்தில் பிலிம் கழுவுகிற மருந்துக்குத் தட்டுப்பாடு என்று ஸ்டுடியோக்காரர் மாசக்கணக்கில் இழுத்தடித்தார். அதற்குள் அப்பா போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் ஸ்டுடியோவிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. சிங்கப்பூர்த் தெருவும் கப்பலும் பளிச்சென்று இருந்தன. என்னுடைய மூன்று எங்கே என்றேன்.

"ஆறு வரைக்குந்தானுங்க பிலிம் ஓடியிருக்குது. அந்த ஆறுல ஒருத்தர் மேல ஒருத்தரா நிக்கறாங்க" என்றவர், தயங்கி, "கொம்பு வெச்சிருக்கறவரு யாருங்க?" என்றார்.

அப்பா. அவர் நெற்றிக்கு மேல் மயிலையின் கொம்பு, தோளில் அம்மாவின் முகம்.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அதைக் கிழித்துப் போட இடம் தேடினேன். அம்மா வாங்கி வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். "அவரு பக்கத்துல நிக்க மாட்டன்னு சொன்னன். நிக்க வெச்சிட்ட பாரு" என்று சிரித்தாள். அப்பா போன பிறகு அதுதான் முதல் சிரிப்பு. அது முடிவதற்குள் முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டாள்.

அதே கம்பெனி பிற்காலத்தில், தானாகவே பிலிம் சுற்றிக்கொள்கிற கேமராவைக் கொண்டுவந்தது. என் பெருமை ஜப்பான் வரைக்கும் போயிருக்க வேண்டும்.

இப்போது அம்மாவும் இல்லை. திதியன்று அந்தப் படத்துக்கு ஒரே மாலை. மூன்று பேருக்கும் சேர்த்து. படையலில் வடைக்குப் பக்கத்தில் என் பேத்தி ஒரு பிடி வைக்கோலையும் வைப்பாள். "இல்லீன்னா மாடு கோவிச்சுக்குமுங்க தாத்தா." வீடே சிரிக்கும், எல்லாரையும்விட நான்தான் சத்தமாகச் சிரிப்பேன். கற்பூரம் காட்டுகிறபோது மட்டும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. இருமலை அடக்கிக்கொண்டு அப்பா இன்னும் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்.