ஒத்தப்பேர் அளந்த வடை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் என் உயிரை வாங்கியவர்கள் இரண்டே பேர். ஒருவர் முகப்பேர் பஸ் கண்டக்டர். இன்னொருவர் ஒத்தப்பேர்.

எங்கள் பம்ப் கம்பெனியில் உதிரிபாகப் பட்டியல் அவர் பொறுப்பு. ஒரு பொருளுக்கு ஒரே பேர், ஒரே நம்பர் என்று சாதிப்பார். அதனால் அந்தப் பட்டம். கேன்டீனில் நான் வடை கேட்டால்கூட, "மெதுவடையா, மசால்வடையா? வெறும் வடைன்னு ஒரு பொருளே கிடையாதும்மா" என்பார். பின்னால் வரிசை பல்லைக் கடிக்கும்.

தொண்ணூறுகளில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, எல்லாப் பாகங்களின் விவரத்தையும் அவர்கள் சொன்ன அமைப்பிலேயே ஃப்ளாப்பியில் கேட்டது. அவர்கள் கம்ப்யூட்டர் அதை நேராகப் படித்துக்கொள்ளுமாம். வெள்ளிக்கிழமைக்குள் இங்கிருந்து கிளம்பாவிட்டால் ஆர்டர் கிடையாது. ஆர்டர் இல்லையென்றால் லேத் பிரிவில் பாதிப் பேருக்கு வேலை கிடையாது. டைப் அடிக்க அகப்பட்டவள் நான்.

ஒரே வாஷருக்கு ஸ்டோரில் ஒரு பெயர், லேத்தில் ஒரு பெயர், பர்ச்சேஸில் ஒரு பெயர். எல்லாவற்றையும் ஒன்றாக்கி, முந்நூறு பாகங்களை வரைபடத்தில் இருந்த அளவுகளோடு அடித்து முடித்தபோது புதன்கிழமை. விரலெல்லாம் விட்டுப்போயிருந்தது. அப்போதுதான் ஒத்தப்பேர், "ஒரே ஒரு புஷ்ஷை அளந்து பார்த்துடலாம்மா" என்று விட்டம் அளக்கும் காலிப்பரோடு லேத் பிரிவுக்குக் கிளம்பினார். விதியே என்று நானும் போனேன்.

வரைபடத்தில் அந்த உலோக வளையத்தின் வெளிவிட்டம் நாற்பது மில்லிமீட்டர். கையில் இருந்ததோ நாற்பதரை.

லேத் கன்னியப்பன் கள்ளிக்குப்பத்துக்காரர். "படத்துல இன்னா கீதோ நமக்குத் தெரியாது சார். நாப்பது போட்டா லூஸா ஆடுது. நாங்க இத்தப் பாத்துத்தான் போடுறோம்" என்று மெஷினில் கம்பியால் கட்டியிருந்த மாதிரிப் பீஸைக் காட்டினார். ஒவ்வொரு மெஷினிலும் அப்படி ஒன்று தொங்கியது. படத்தைத் திறந்தே பல வருஷமாம்.

"சார், படத்துல இருக்கிறதையே அனுப்பிடலாமே?" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"அங்க இருக்கிறவன் நம்ம பட்டியலை நம்பித்தாம்மா ஜோடிப் பாகம் செய்வான். பொருந்தலைன்னா மொத்தச் சரக்கும் திரும்பி வரும். அப்புறம் கன்னியப்பன் எங்க போவாரு?"

முந்நூறையும் ஒவ்வொன்றாக அளந்தோம். கன்னியப்பன் முணுமுணுத்துக்கொண்டே பீஸ்களைக் கழற்றித் தந்தார். ஒத்தப்பேர் அளவு சொன்னார். நான் அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே அடித்தேன். வெள்ளி சாயங்காலம் கூரியர்காரர் வாசலுக்குப் போன பிறகு, அவரைக் கூப்பிட்டு நிறுத்தி ஃப்ளாப்பியைக் கொடுத்தோம்.

ஆர்டர் வந்தது. அன்று கன்னியப்பன் ஒத்தப்பேர் மேஜையில் ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அதில் ஒரு வடை. வடையின் ஓட்டையில் நூல் கோத்து ஓர் அட்டை: 'பெயர்: மெதுவடை. நம்பர்: 1. விட்டம்: 62.'

"கரீட்டா கீதா பாரு சார்."

ஒத்தப்பேர் காலிப்பரை எடுத்தார். அளந்தார். அட்டையில் அறுபத்துமூன்று என்று திருத்தினார். பிறகுதான் வடையைப் பிட்டு எங்கள் இருவருக்கும் கொடுத்தார்.

அந்த அட்டையை அவருக்குத் தெரியாமல் எடுத்து வைத்துக்கொண்டேன். எத்தனையோ வீடு மாறிவிட்டேன். எண்ணெய்க் கறையோடு இருக்கும் அதை மட்டும் தூக்கிப்போட மனம் வரவில்லை.