கோயிலாழ்வாரில் ஒரு வைஃபை டப்பா

மூன்று.

யாழினி டப்பாவை ஜன்னலின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு நகர்த்திவிட்டு, லேப்டாப்பில் மறுபடியும் நெட் வேகத்தைச் சோதித்தாள். இரண்டு புள்ளி எட்டு.

“சனியனே!”

டப்பா பச்சை விளக்கைச் சிமிட்டியது. சிம் கார்டைச் செருகினால் வீடு முழுக்க வைஃபை பாயும் என்று சொல்லி, மலைக்கோட்டைக் கடைவீதியில் செபஸ்தியான் அவள் தலையில் கட்டிய, பேட்டரியில் ஓடும் வெள்ளை டப்பா அது. வீடு முழுக்கப் பாய வேண்டாம். இந்த ஒரு மேசைக்குப் பாய்ந்தால் போதும். அதற்கும் வக்கில்லை.

மணி ஒன்பதரை. பன்னிரண்டரைக்கு பெங்களூரிலிருந்து லின்சி மேடம் வீடியோவில் வருவார். வேலை கிடைத்துவிட்டது, கைக்குத்தான் வரவில்லை. வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை என்பதால், லின்சி மேடத்தின் கண் முன்னால் நெட் வேகம் ஐம்பதைத் தொட வேண்டும். தொடாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்கு. யாழினிக்கு துறையூர் பஸ். துறையூரில் அப்பா அடைக்கலம், “வேலை இல்லன்னா சொல்லிரு கண்ணு, ஞாயித்துக்கிழமையே பொண்ணு பாக்க வரச் சொல்லிடுறேன்” என்று போனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டில் ஒருத்தர்கூட இதுவரை பட்டம் வாங்கியதில்லை என்பதற்கு தாலுகா ஆபீசில் நாலு நாள் நின்று சான்றிதழ் வாங்கி, துவாக்குடிப் பக்கம் ஒரு காலேஜில் படித்து முடித்தவள். அத்தனையும் தாண்டி வந்தவளை மூன்று என்கிற எண் வழிமறித்தால் கோபம் வருமா, வராதா?

கடைக்குப் போன் போட்டாள்.

“அண்ணே, உங்க டப்பா மூணு காட்டுது.”

“மூணு நல்ல நம்பருங்க மேடம்,” என்றார் செபஸ்தியான்.

“அண்ணே!”

“கோபப்படாதீங்க மேடம். உயரத்துல வைங்க. டவரு ஸ்டேஷன் பக்கம் இருக்கு, அதைப் பாத்தாப்புல வைங்க. அப்புறம் பாருங்க, பறக்கும்.”

கீழிருந்து வீட்டுக்கார மாமியின் குரல் மாடிப்படி ஏறி வந்தது.

“யாழினி! அந்த அப்துல் மாலிக் வந்தானோ மாடிக்கு?”

“யாரும் வரல மாமி!”

“இல்லேடிம்மா, நான் என்ன சொல்ல வந்தேன்னா...”

“அப்புறம் மாமி!”

அந்த மாலிக் யாரோ. தண்ணி மோட்டார் பார்க்கிறவனாக இருக்கும். மூன்று வாரமாக மாமி அவன் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஆளைக் காணோம். குமுதவல்லி மாமி எதையோ சொல்ல வருவதும், அது இன்னொரு விதிமுறையாகத்தான் இருக்கும் என்று யாழினி பாதியில் வெட்டுவதும் குடிவந்த நாளிலிருந்து நடக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பதினோரு வீட்டில், “நீங்க என்ன மனுஷா?” என்று சாதியை வளைத்து வளைத்துக் கேட்டு அனுப்பிவிட்டார்கள். பன்னிரண்டாவது வீட்டில் மாமி, “வெங்காயம் பூண்டு வாசனை மாடியோட நிக்கட்டும்” என்று மட்டும் சொல்லிச் சாவியைக் கொடுத்தாள். அதற்கும் யாழினிக்குக் கோபம்தான். ஆனால் சாவியை வாங்கிக்கொண்டாள்.

டப்பா மொட்டை மாடிக்குப் போனது. அங்கே பழைய ஆன்டெனா குழாய் ஒன்று உபயோகமில்லாமல் நின்றது. கட்டக் கயிறு வேண்டும். சுவரோரம் ஆணியில் ஒரு கறுப்பு ஒயர் சுருட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. எந்தக் காலத்து கேபிள் டிவிக்காரன் விட்டுப்போனதோ! ஸ்ரீரங்கத்து மொட்டை மாடிகளில் ஒயருக்கா பஞ்சம்? சமையல் கத்தியைக் கொண்டுவந்து அறுத்தாள். சாமானியத்தில் அறுபடவில்லை. உள்ளே இரும்புக் கம்பி வேறு.

“இதுல்ல ஒயரு,” என்று பாராட்டிவிட்டு, டப்பாவைக் குழாயோடு சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டாள்.

முப்பத்து நாலு!

படிக்கட்டிலேயே குதித்தாள். இன்னும் பதினாறுதான். டப்பாவை ஸ்டேஷனைப் பார்த்துத் திருப்பினாள். நாற்பத்து ஒன்று. இன்னும் கொஞ்சம் திருப்பினாள். பூஜ்யம்.

வெயில். மே மாத வெயிலில் டப்பா தோசைக்கல்லாகிச் செத்துவிட்டது. பச்சை விளக்கு சிவப்பாகி, சிவப்பும் அணைந்திருந்தது.

நிழல் வேண்டும். அடுப்படிக்கு ஓடி அலுமினியப் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து டப்பாவுக்குத் தொப்பியாகக் கவிழ்த்தாள். டப்பா குளிர்ந்து உயிர் பெற்றது. வேகம் அரை. அலுமினியத்தைத் தாண்டி சிக்னல் எப்படி வரும்? நாலு வருஷம் படித்ததே அதைத்தானே! தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் மாடியின் அந்தக் கோடியில் கறுப்புக் குடை தெரிந்தது. மாமி வேஷ்டியில் வரிசையாகப் பிழிந்து காயப்போட்டிருந்த வடாமுக்குப் பக்கத்தில், காக்காய் வராமலிருக்க விரித்து வைத்த குடை.

பத்து நிமிஷம்தான், என்று நினைத்து எடுத்தாள்.

குடை நிழலில் வேகம் முப்பத்து ஒன்பது, நாற்பத்து நாலு, நாற்பத்து ஏழு. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, “வா, வா, வா,” என்று எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவளின் பின்னால் ‘கடக் முடக்’ என்று சத்தம் கேட்டது.

காக்காய் இல்லை. குரங்கு. ஐந்து. வடாமைச் சுற்றிப் பந்தி போட்டு உட்கார்ந்திருந்தன.

“ஏய்!” என்று அவள் கத்தியதும் நாலு ஓடின. ஐந்தாவது அவளை நோக்கி வந்தது. அவளைத் தாண்டிப் போய், டப்பாவை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தது. யாழினி இந்தப் பக்கம் இழுத்தாள். குரங்கு பல்லைக் காட்டியது. அவளும் காட்டினாள். இந்தச் சண்டையில் கொஞ்சமும் அசையாமல் நின்றது அந்தக் கறுப்பு ஒயர் மட்டும்தான். இழுத்து இழுத்துப் பார்த்த குரங்கு, வெறுத்துப் போய்க் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த மாடிக்குத் தாவியது.

மாமி படியேறி வந்தபோது வேஷ்டியில் வடாமைவிடக் கால்தடம் அதிகமாக இருந்தது.

“ஏண்டிம்மா,” என்றாள் மாமி மெதுவாக, “என் குடை ஏன் கோபாலன் ஆத்து மாடில குரங்கோட நிக்கறது?”

யாழினிக்கு அழுகை வந்தது. கோபக்காரர்களுக்கு அழுகை வந்தால் அதுவும் கோபமாகத்தான் வெளியே வரும்.

“பன்னண்டரைக்கு அம்பது வரணும் மாமி! வரலைன்னா வேலை போச்சு. துறையூருக்குப் போயி, வர்றவனுக்கெல்லாம் காபித் தட்டைத் தூக்கிட்டு நிக்கணும். வடாமுக்கு நான் மாவு கிண்டித் தரேன், பிழிஞ்சு தரேன். இப்ப திட்டாதீங்க!”

மாமி வேஷ்டியைப் பார்த்தாள். டப்பாவைப் பார்த்தாள்.

“அந்த மாலிக் மட்டும் சொன்னபடி வந்திருந்தா...”

“மாலிக்கை விடுங்க மாமி! மோட்டாரா இப்ப முக்கியம்?”

“சரி, விட்டேன். இந்தாத்துல சிக்னல் வர இடம் ஒண்ணுதான். எங்காத்துக் கோயிலாழ்வார் முன்னாடி. டெக்சாஸ்ல இருக்கற பிள்ளையோட அங்கே நின்னுண்டுதான் பேசுவேன். நாலு கோடு வரும்.”

கோயிலாழ்வார் என்பது மாமி வீட்டுப் பெருமாள் எழுந்தருளியிருக்கும் மர மண்டபம். கூடத்தில், திறந்த முற்றத்தைப் பார்த்து நிற்கும். உள்ளும் புறமும் பித்தளைத் தகடு அடித்து, இரட்டைக் கதவு வைத்தது. யாழினி இதுவரை அதைத் தூரத்திலிருந்துதான் பார்த்திருக்கிறாள்.

“அங்க என்னை விடுவீங்களா?” என்றாள், சண்டைக்குத் தயாராக.

“குளிச்சியோ?”

“ஏன், நான் குளிச்சாத்தான்...”

“குரங்கோட கட்டிப் புரண்டிருக்கே. நானா இருந்தாலும் குளிக்கணும்.”

யாழினி குளித்துவிட்டு வந்தாள். டப்பாவை அவிழ்த்து, அந்த ஒயரையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். இனி அது இல்லாமல் எங்கும் போவதில்லை.

மாமி பஞ்சபாத்திரத்திலிருந்து ஒரு உத்தரணிக் கரண்டித் தீர்த்தத்தை டப்பாமேல் தெளித்தாள்.

“மாமி! கரண்டு!”

“துளியூண்டுதான்.”

கோயிலாழ்வாரின் மேல் தட்டில், சாளக்கிராமப் பெட்டிக்குப் பக்கத்தில், டப்பா உட்கார்ந்தது. யாழினி லேப்டாப்பைத் திறந்தாள்.

அறுபத்து ஒன்று.

பின்னால் இருந்த பித்தளைத் தகடு முற்றத்திலிருந்து வருகிற சிக்னலையெல்லாம் தட்டில் ஏந்திக் கொடுத்துக்கொண்டிருந்தது. யாழினி மாமியைக் கட்டிப் பிடிக்கப் போய், தொடக்கூடாத மடிப்புடவை என்று நினைவு வந்து, தூணைக் கட்டிப் பிடித்தாள். மணி பதினொன்றரை.

பன்னிரண்டுக்கு வேகம் ஒன்றரை.

திரும்பிப் பார்த்தாள். கோயிலாழ்வாரின் இரண்டு கதவும் சாத்தியிருந்தன. பித்தளைப் பெட்டிக்குள் டப்பா.

“மாமி! கதவு!”

“தளிகை கண்டருளப் பண்ணியாச்சு. பெருமாள் சாப்டாச்சு, சயனத்துல இருக்கார்,” என்று மாமி கிசுகிசுத்தாள். “இனிமே நாலு மணிக்குத்தான்.”

“என் டப்பா உள்ள இருக்கு!”

“இருக்கட்டும். பத்திரமா இருக்கும்.”

“எனக்குப் பன்னண்டரைக்கு மாமி!”

“அவருக்குப் பன்னண்டுக்குடிம்மா.”

யாழினி கெஞ்சினாள். மாமி தலையாட்டினாள். யாழினி மறுபடி கெஞ்சினாள். மாமி மறுபடி தலையாட்டினாள், அதே திசையில். மணி பன்னிரண்டே கால். அதற்குமேல் கெஞ்ச யாழினிக்குத் தெரியாது.

“போன திங்கட்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு, உங்க புள்ள சேவிக்கணும்னு சொன்னதும் கதவைத் திறந்து போன்ல காட்டினீங்களே! அப்ப பெருமாள் தூங்கலையா?”

“அது... அவன் ப்ரமோஷன் இன்டர்வியூ அன்னிக்கு.”

“எங்க வீட்டுல நான்தான் மாமி புள்ள!”

மாமி மூக்குத்தியைத் தடவிக்கொண்டாள். அப்புறம் கோயிலாழ்வார் முன் விழுந்து சேவித்து, “க்ஷமிக்கணும் ஸ்வாமி, கொழந்தை அவசரத்துல இருக்கா,” என்று சொல்லிக் கதவைத் திறந்தாள். கதவு தானாகவே மூடிக்கொண்டது. நூறு வருஷத்துத் தரை, ஒரு பக்கம் சரிவு. காலையில் முட்டுக் கொடுத்திருந்த குத்துவிளக்குகள் கொல்லையில் புளி பூசிக் கிடந்தன.

யாழினி யோசிக்கவேயில்லை. தோளிலிருந்த கறுப்பு ஒயரை மாமியின் அரிவாள்மணையில் வைத்து இரண்டாக அறுத்து, ஒரு கதவை இந்தத் தூணோடும் இன்னொரு கதவை அந்தத் தூணோடும் இழுத்துக் கட்டினாள்.

“வெளிச்சம் படுமேடி அவர்மேல,” என்றாள் மாமி. “பட்டுத் திரை போட்டுக்கலாமோ?”

“போடுங்க மாமி. துணி சிக்னலை ஒண்ணும் பண்ணாது.”

திரை விழுந்தது. ஐம்பத்து எட்டு. லின்சி மேடம் திரையில் வந்தார்.

“ஹலோ யாழினி! ரெடியா?”

“மெதுவாப் பேசச் சொல்லு,” என்றாள் மாமி பின்னாலிருந்து.

“மேடம், கொஞ்சம் மெதுவா. இங்க ஒருத்தர் தூங்கறார்.”

“ஓ, சாரி! யாரு?” லின்சி மேடமும் கிசுகிசுத்தார்.

“ஹவுஸ் ஓனருங்க மேடம்.”

“வயசானவரா?”

“ரொம்ப.”

சோதனை ஓடியது. முள் இருபதில் நின்றது. நாற்பதுக்கு ஏறியது. யாழினி மூச்சை நிறுத்தினாள். மாமி வாய்க்குள் ஏதோ ஒரு பாசுரத்தை ஆரம்பித்தாள். நாற்பத்து எட்டு. நாற்பத்து ஒன்பது. ஐம்பத்து ஏழு!

“சூப்பர் யாழினி. திங்கட்கிழமை ஜாயின் பண்ணிடுங்க. ஆனா ஒண்ணு, தினமும் ஒம்பதுலேர்ந்து ஆறு வரைக்கும் இதே வேகம் வேணும். ஓகேவா?”

“ஓகே மேடம்,” என்றாள் யாழினி. லேப்டாப்பை மூடினாள். மெதுவாக மாமியைத் திரும்பிப் பார்த்தாள்.

“தினமுமா?” என்றாள் மாமி. “அதெல்லாம் முடியாதுடிம்மா. இன்னிக்கு ஒரு நாள் பெருமாள் பொறுத்துண்டார். நாளைக்கு உன் டப்பா மாடிக்குப் போயிடணும்.”

“மாடில மூணுதான் மாமி வரும்!”

“அதைத்தானே நான் மூணு வாரமா உன்கிட்ட சொல்ல வரேன், நீ எங்கே சொல்ல விடறே...”

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம். கையில் அட்டைப் பெட்டியோடு, வேர்த்து விறுவிறுக்க ஒருவர் உள்ளே வந்தார்.

“வாப்பா அப்துல் மாலிக்! நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போய் மூணு வாரம் ஆச்சு! உன்னால இன்னிக்கு இந்தாத்துல குரங்கு வடாம் சாப்டுடுத்து, பெருமாள் தூக்கம் கெட்டுது, தெரியுமோ?”

மாலிக் நெற்றி வேர்வையைத் துடைத்தார். கோயிலாழ்வாரைப் பார்த்தபடி நின்றார். இந்தத் தூணைப் பார்த்தார். அந்தத் தூணைப் பார்த்தார். முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். அட்டைப் பெட்டியை மெல்லத் தரையில் வைத்தார்.

“ஏம்மா, கதவைக் கட்டியிருக்கீங்களே இந்த ஒயரு... மாடிப் பொண்ணுக்கு நெட்டு வேணும்னு மாமி சொல்லி, இருநூறு ஸ்பீடுக்கு நான் இழுத்து வச்சிட்டுப் போன ஃபைபர் லைனும்மா இது.”