‘மூச்சு’ ஆல்பத்தில் அமரர் மாணிக்கராஜ் ஆற்றிய பங்கு

உலக இசை வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துக்கொள்வதே முறை. பெங்களூரின் ‘சயனைட் சண்டே’ என்னும் பாப் ராக் குழு ‘மூச்சு’ ஆல்பத்தை வெளியிடுவதற்கு முந்தைய காலம்; பிந்தைய காலம். முந்தைய காலத்தில் மனிதர்கள் பாடினார்கள். நடுவில் இருமல் வந்தால் நிறுத்தி, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்கள். அந்த அறியாமை இப்போது நீங்கிவிட்டது. நீக்கிய பெருமையில் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டன் லைனில் வசிக்கும் ஃப்ளோராவுக்கும் ஒரு பங்குண்டு. அவளுக்குத்தான் அது கடைசியில் தெரிந்தது.

‘நிலத்தின் வலி’யை ஸ்டுடியோவுக்குள் கொண்டுவருவது குழுவின் கொள்கை. ஸ்டுடியோவில் ஏசி இருந்ததால் வலி உள்ளே வர மறுத்தது. எனவே பாடகி நேத்ராவும் ஒலிப்பதிவாளன் சுனிலும் ஒரு சனிக்கிழமை காரெடுத்துக்கொண்டு வலி இருக்கும் ஊருக்கே வந்தார்கள். தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைட் மண்மேட்டின் முன்னால் நாற்பது படம் எடுத்துக்கொண்டார்கள். மூடிக்கிடந்த சுரங்க ஷாஃப்ட் முன்னால் கண்ணை மூடி நின்றார்கள். பிறகு பசித்தது. அதையும் நிலத்தின் வலியாகவே கருதி, ஊரின் கடைத்தெருவான ராபர்ட்சன்பேட்டையில் பிரியாணி சாப்பிட்டார்கள். அங்கே பக்கத்து மேசையில் அகப்பட்டவன் ஃப்ளோராவின் அண்டை வீட்டு மனோகர்.

“ஃப்ளோராக்கா, இவங்களுக்குப் பழைய சவுண்டு எதுனா வேணுமாம். மாமா கேசட்டு உங்ககிட்ட கீதுல்ல?” என்று அவன் அவர்களை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டான்.

அது பாட்டுக் கேசட் அல்ல, கடிதம். குவைத்துக்குப் போன் செய்தால் பாதிச் சம்பளம் போய்விடும் என்றிருந்த காலத்தில், ஃப்ளோராவின் புருஷன் மாணிக்கராஜ் அங்கிருந்த மைத்துனனுக்குப் பேசி அனுப்பியது. மைத்துனன் ஊர் திரும்பியபோது அதுவும் கூடவே திரும்பியது. சுரங்கத்தில் இருபத்தேழு வருடம் டிரில் பிடித்த மாணிக்கராஜ், நெஞ்சு நிறைய கல்தூசியோடு போய்ச்சேர்ந்து இருபது வருடமாகிறது. கேசட்டில் மாதா கோயில் திருவிழாவைச் சொல்வார். பேத்தமங்களா ஏரி நிரம்பியதைச் சொல்வார். பிறகு நீளமாக இருமுவார். இருமி முடித்து, “ஃப்ளோரா, டீ இன்னாச்சு?” என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் அவள் வருடக்கணக்காக அதை ஓட்டிக்கொண்டிருந்தாள். டேப் ரெக்கார்டர் செத்து ஆறு வருடமாகிவிட்டது. அதை ரிப்பேர் செய்தவர் இப்போது செல்போன் உறை விற்கிறார்.

“ஒன் வீக் ஆன்ட்டி,” என்றான் சுனில். “டிஜிட்டல் பண்ணி உங்க போன்லயே போட்டுத் தர்றேன். டெய்லி கேக்கலாம்.”

ஃப்ளோரா கேசட்டை நீட்டினாள். விடவில்லை. “டோக்கன் குடுப்பா.”

“டோக்கனா?”

சுரங்கத்தில் இறங்குகிறவர் தன் நம்பர் பொறித்த பித்தளை டோக்கனை மேலே கொடுத்துவிட்டுத்தான் கூண்டு லிஃப்டான கேஜில் ஏறுவார். ஏறி வந்ததும் திரும்ப வாங்கிக்கொள்வார். ஷிப்ட் முடிந்தும் ஆணியில் ஒரு டோக்கன் தொங்கினால், ஓர் ஆள் இன்னும் கீழே இருக்கிறார். உள்ளே போனது எதுவானாலும் வெளியே வந்தாக வேண்டும் என்பதற்கு ஃப்ளோரா அறிந்த ஒரே சட்டம் அதுதான்.

நேத்ரா பையைத் துழாவி, கிட்டார் மீட்டும் மஞ்சள் பிளாஸ்டிக் வில்லை ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். “என் லக்கி பிக் ஆன்ட்டி.”

“நம்பர் இல்லியேம்மா?”

“ஒன்னே ஒன்னுதான் இருக்கு. நம்பர் பேடா, வேணாம் ஆன்ட்டி.”

ஒரு வாரம் என்பது கலைஞர்களின் காலண்டரில் எட்டு மாதம். எட்டாவது மாதம் ‘மண்ணுக்கே திருப்பித் தருகிறோம்’ என்ற பேனரோடு ராபர்ட்சன்பேட்டை மண்டபத்தில் வெளியீட்டு விழா. பெங்களூரிலிருந்து இரண்டு பஸ் ரசிகர்கள். ஃப்ளோராவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். நான்காவது பாட்டு தொடங்கியது. டிரம் அதிர்ந்து ஓய்ந்ததும், சுவர் அளவுக்குப் பெரிதாக மாணிக்கராஜ் இருமினார். அரங்கம் கைதட்டியது. ஃப்ளோரா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். இருமல் முடிந்தது. அடுத்தது டீ.

கிட்டார் வந்தது.

“பேச்சு எங்கப்பா?” என்று சுனிலின் சட்டையைப் பிடித்தாள்.

“அது நாய்ஸ் ஆன்ட்டி. சாஃப்ட்வேர் போட்டுத் தூக்கிட்டோம். இருமல் மட்டும் எவ்ளோ கிளீனா வந்திருக்கு பாருங்க!”

முன்வரிசையிலிருந்து மனோகர் கத்தினான்: “கம்ப்யூட்டர்ல முழுசா ஏத்தினதாவது கீதா, இல்லியா?”

“மெமரி ஃபுல் ப்ரோ. டெலிட் பண்ணிட்டோம்.”

“சரி வுடுப்பா. கேசட்ட குடு,” என்று ஃப்ளோரா மஞ்சள் வில்லையை நீட்டினாள்.

“ஓ மை காட், என் லக்கி பிக்!” நேத்ரா அதற்கு முத்தம் கொடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். “கேசட் இங்கதான் ஆன்ட்டி இருக்கு. எல்லார்கிட்டயும்!”

உண்மைதான். இருநூறு சிறப்புப் பிரதிகள். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு முழம் பழுப்பு நாடா சுருட்டி ஒட்டப்பட்டிருந்தது. கீழே ஒரு வாசகம்: ‘அசல் சுரங்கத் தொழிலாளியின் மூச்சு. உங்கள் துண்டு உங்களுக்கு மட்டுமே.’ நாடாவில் துளிகூட மிச்சமில்லை. எதையும் வீணாக்காமல் இருப்பதும் குழுவின் கொள்கை.

ஃப்ளோரா மேடையை விட்டு இறங்கினாள். வரிசை வரிசையாகக் கையேந்திப் போனாள். “குடுத்துடு கண்ணு. அது என் வூட்டுக்காரரு.”

ரசிகர்கள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தார்கள். செல்போன் விளக்குகளை ஆட்டினார்கள். ஒரு பெண் கட்டிப்பிடித்து அழுது, செல்ஃபி எடுத்துக்கொண்டு, அட்டையைப் பத்திரமாகத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். கடைசி வரிசை முடிந்தபோது முந்தானையில் ஒன்பது துண்டுகள் சேர்ந்திருந்தன.

மறுநாளே விமர்சனம் வந்துவிட்டது. மனோகர் போனைப் பார்த்துப் படித்தான்: “‘மூச்சு’ குறையற்ற படைப்பு. ஒவ்வொரு இருமலிலும் உண்மை ஒலிக்கிறது. முடிவில் அரங்கில் நடந்துவந்த முதிய நடிகையின் நடிப்புதான் சற்று மிகை.”

போனைக் கட்டிலில் எறிந்தான். “கெளம்புக்கா, போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம். இன்னா அநியாயம் இது?”

ஃப்ளோரா ஒரு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போய் இன்னான்னு எழுதிக் குடுப்ப? தங்கம் தோண்ட வெச்சவங்க தங்கத்த எடுத்துகினு, தூசிய உங்க மாமாவுக்கு வுட்டுட்டுப் போனாங்க. இந்தப் புள்ளைங்க அந்தத் தூசியையும் வுட்டு வெக்கலப்பா.”