தூங்காத அடிகளாரின் சாந்திச் சூரணம்

சென்னையில் தூங்காதவர்களுக்குப் பஞ்சமே இல்லை. கொசுக்கடியில் தூங்காதவர்கள், கரண்ட் போய்த் தூங்காதவர்கள், மெட்ரோ வேலை நடக்கும் தெருவில் குடியிருந்து தொலைத்ததால் தூங்காதவர்கள் என்று லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் காலில் இதுவரை ஒரு ஆள் விழுந்ததில்லை. ஆனால் மந்தைவெளி மினி ஹாலில் வந்து இறங்கிய ஒருவர் பன்னிரண்டு வருஷமாகத் தூங்கவில்லையாம். அவர் காலில் விழ வியாழக்கிழமைதோறும் வரிசை தெருமுனை டீக்கடை வரை நின்றது. டீக்காரருக்கு நல்ல காலம்.

ஸ்ரீலஸ்ரீ நித்ராஜித் அடிகள் என்று பெயர். தூக்கத்தை ஜெயித்தவர் என்று அர்த்தமாம். அவருடைய தனித்துறை படபடப்பு. பயம், பதற்றம், தூக்கமின்மை என்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகளை விழுங்கிக்கொண்டிருப்பவர்கள்தாம் அவருக்கு வேண்டும். முறை மிக எளிது. வீட்டில் இருக்கும் மாத்திரையை எல்லாம் ஒரு உறையில் போட்டு, மேலே பெயர், ராசி, நட்சத்திரம் எழுதி அவர் பாதத்தில் வைத்துவிட வேண்டும். அது ஹோமத்தில் எரிந்துவிடும். பிறகு மூன்று இரவு பொட்டுக்கூடக் கண்ணை மூடக்கூடாது. நான்காம் நாள் காலையில் உடம்பு உதறும், நெஞ்சு அடித்துக்கொள்ளும், செத்துவிடுவோம் என்று தோன்றும். அதுதான் உள்ளே இருந்த துஷ்ட சக்தி வெளியேறும் அடையாளம். உடனே அடிகளார் கொல்லிமலைச் சாந்திச் சூரணத்தைத் தேனில் குழைத்து நாக்கில் வைப்பார். அரை மணியில் உதறல் நின்று, ஆள் அங்கேயே பாயில் சுருண்டு தூங்கிவிடுவார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

மாத்திரையையும் பிடுங்கி, தூக்கத்தையும் பிடுங்கினால் உதறாமல் வேறென்ன செய்யும் என்று அந்த வரிசையில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்டவள் வரிசைக்கு வெளியே, லஸ் பக்கத்து மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் ரத்னா. பதினாலு வருஷமாக அந்தக் கடையில் டாக்டர் கிறுக்கலைப் படித்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவள். அவளுடைய தம்பி டில்லிபாபு ஆட்டோ ஓட்டுகிறவன். போன வருஷம் ஒரு பைக்காரன் வழுக்கி இவன் ஆட்டோவுக்கு முன்னால் வந்து விழுந்தான். பைக்காரன் எழுந்து தூசி தட்டிக்கொண்டு போய்விட்டான். டில்லிபாபு எழவில்லை. ஹார்ன் சத்தம் கேட்டாலே கை நடுங்கியது. பெரியாஸ்பத்திரி டாக்டர் மாத்திரை கொடுத்து, எட்டு மாதத்தில் அதை அரையாகக் குறைத்திருந்தார். இனி கால், அப்புறம் அதுவும் இல்லை, எல்லாம் மெதுவாக என்று சொல்லியிருந்தார்.

மெதுவாக என்றால் நம் ஜனத்துக்குப் பிடிக்குமா? சவாரி வந்த ஒரு புண்ணியவான் அடிகளாரின் மகிமையைச் சொல்ல, திங்கட்கிழமையே மாத்திரை உறைக்குள் போனது.

புதன்கிழமை மதியம் லஸ் முனையில் நடுரோட்டில் ஒரு ஆட்டோ நின்றது. பின்னால் ஸ்கூல் பிள்ளைகள் ஆறு பேர். முன்னால் டில்லிபாபு காதைப் பொத்திக்கொண்டு ஹேண்டில்பாரில் தலையைக் கவிழ்த்திருந்தான். நாலு பக்கமும் பஸ்காரர்கள் ஹார்ன் அடித்தார்கள். ரத்னா கடையைப் போட்டது போட்டபடி விட்டு ஓடினாள்.

"டேய், இன்னாடா ஆச்சு உனக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா. சக்தி வெளிய போய்க்கினு கீது" என்றான். பல் தந்தியடித்தது.

பிள்ளைகளை வீட்டில் சேர்த்துவிட்டு அவனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாத்திரையைப் படக்குன்னு நிறுத்தினா உடம்பு இப்படித்தாம்மா உதறும். வலிப்புகூட வரலாம். அது மேல தூக்கத்தையும் கெடுத்தா பயம் ரெண்டு மடங்கு ஆகும். பயந்தா தூக்கம் வராது, தூங்கலேன்னா பயம் போகாது. அதே அரை மாத்திரைய மறுபடி குடுங்க. நேரத்துக்குத் தூங்கட்டும். அப்புறமா குறைக்கலாம்."

மாத்திரைக்கு டில்லிபாபு வாயைத் திறக்கவே இல்லை. "நாளைக்கு சாமி குடுப்பாரு. மாத்திர தொட்டா கைவுட்டுடுவாரு" என்று ஒரே பிடி. மறுநாள் ஹாலில் வெள்ளைப் பொடியை நக்கினான். அரை மணியில் அடங்கித் தூங்கினான். எழுந்து, ஒரு வாரத்துக்கான பொட்டலங்களோடு வந்து, "பாத்தியாக்கா?" என்றான். ரத்னாவுக்கே ஒரு நிமிஷம் ஆடிப்போய்விட்டது.

ஆனாலும் அவள் ஆட்டோ சாவியை எடுத்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள். சாமி தன்னைக் கைவிட்டாலும் சரி, அந்த ஆறு பிள்ளைகளை அவள் கைவிடுவதாக இல்லை.

சனிக்கிழமை மயிலாப்பூர் ஜலஜா மாமி கடைக்கு வந்தார். அவர் கணவர் ஸ்ரீனிவாசராகவன் பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் யார் நீட்டிய காகிதத்திலும் நம்பிக் கையெழுத்துப் போடாதவர், அடிகளாரிடம் மட்டும் கேள்வி கேட்காமல் உறையை நீட்டிவிட்டார்.

"ஏம்மா ரத்னா, பொடி தீரப்போறது. இது இல்லேன்னா ஆத்துல மனுஷர் கூடத்துக்கும் வாசலுக்குமா நடந்துண்டே இருக்கார். வீடு இடிஞ்சு விழப்போறதுங்கறார். இதே மாதிரி உன் கடையில ஏதாவது கிடைக்குமா பாரேன்" என்று பொட்டலத்தைப் பிரித்தார்.

ரத்னா விரலால் பொடியைத் தள்ளிப் பார்த்தாள். சரியாக அரைபடாத சின்னச் சில்லு ஒன்று தட்டுப்பட்டது. நகக்கண் அளவுதான். அதன் நடுவே ஒரு கோடு. மாத்திரையைப் பாதியாக உடைக்க வசதியாகக் கம்பெனிக்காரன் போடும் கோடு. பதினாலு வருஷத்தில் லட்சம் தடவை பார்த்த கோடு. கொல்லிமலை மூலிகை கோடு போட்டுக்கொண்டா முளைக்கிறது?

"அடப்பாவி!" என்றாள். "மாமி, மாமாவோட மாத்திரய அவருக்கே அரைச்சிக் குடுத்துக்கினு கீறான்."

மாமி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "போய்ச் சொன்னா நம்புவாரா? எனக்குத்தான் பக்தி பத்தாதும்பார்."

டில்லிபாபுவும் அதைத்தான் சொல்வான். அக்காக்காரி வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்பான். ரத்னா இரண்டு நாள் யோசித்தாள். சில்லைக் காட்டினால் போதாது. சாமி வாயாலேயே வரவழைக்க வேண்டும்.

வாரா வாரம் புதன்கிழமை புது உறை வைத்தால்தான் வியாழக்கிழமை அடுத்த பொடி. ஹாலில் வைக்கச் சொல்லி டில்லிபாபு கொடுத்த உறையை வாங்கி, டாக்டர் எழுதிய மாத்திரைகளைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணிக்கையில் பி காம்ப்ளெக்ஸ் போட்டாள். மஞ்சளில் மஞ்சள், அப்படியொரு மஞ்சள். ஜலஜா மாமி கொண்டுவந்து கொடுத்த ராகவன் மாமாவின் உறையில் வாயுத் தொல்லைக்கு விற்கும் கரி மாத்திரை. மாத்திரையை அரைக்க அடிகளாருக்கு மிக்ஸி ஓட்டும் பக்தர் யாராயிருந்தாலும் அவருக்கு எந்த மாத்திரை எதற்கு என்று தெரிந்திருக்காது என்பது அவள் கணிப்பு. தெரிந்திருந்தால் அவர் ஏன் அங்கே மிக்ஸி ஓட்டுகிறார்?

கூடவே ஒரு காரியம் செய்தாள். அடிகளாரிடம் இன்னொரு சித்து உண்டு. பக்தர்கள் ஒட்டி வைக்கும் வேண்டுதல் கடிதங்களைப் பிரிக்காமலே படித்துவிடுவாராம். அவர் பாதுகைமேல் அவையெல்லாம் ஒரு இரவு இருக்கும். ரத்னாவும் ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு அங்கே வைத்துவிட்டு வந்தாள்.

வியாழக்கிழமை. ஹாலில் நாற்காலி கிடைக்காமல் ஜனம் படியெல்லாம் நின்றது. டில்லிபாபு பயபக்தியோடு மேடை ஏறினான். அடிகளார் அவன் பெயர் எழுதிய டப்பியைத் திறந்தார். ஒரு கணம் முழித்தார். பொடி மஞ்சளாக இருந்தது. கீழே வரிசையில் இருந்து ரத்னா குரல் கொடுத்தாள்.

"சாமி, எல்லாருக்கும் வெள்ள. எந்தம்பிக்கு மட்டும் இன்னாத்துக்கு மஞ்சா?"

அடிகளார் கண்ணை மூடினார். திறந்தார். புன்னகைத்தார். "மகளே, இவன் ஜாதகத்தில் குரு தோஷம். குரு பகவானுக்கு உகந்தது மஞ்சள். சூரணம் தானே அதை அறிந்து நிறம் மாறியிருக்கிறது."

"ஆஹா!" என்றது கூட்டம். அடுத்து ராகவன் மாமாவின் டப்பி. அடுப்புக்கரி மாதிரி கன்னங்கரேல். கேட்கவே வேண்டியதில்லை, அடிகளாரே முந்திக்கொண்டார். "சனி! சனி தோஷம்! எத்தனை பிரத்தியட்சம் பாருங்கள்!" ஒரு அம்மாள் அழுதேவிட்டார்.

ரத்னா மேடை ஏறினாள். பாதுகைமேல் இருந்த தன் கடிதத்தை எடுத்து டில்லிபாபு கையில் கொடுத்தாள். "பிரிச்சிப் படிடா. சத்தமா படி."

அவன் பிரித்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"சாமி, என் தம்பி உறையில் நான் வைத்தது சத்து மாத்திரை. அவனுக்கு நாளை மஞ்சள் பொடி வரும். ராகவன் மாமா உறையில் வைத்தது வாயு மாத்திரை. அவருக்குக் கறுப்புப் பொடி வரும். எந்தத் தோஷம் என்று நீங்களே பெயர் வைத்துக்கொள்ளுங்கள். இப்படிக்கு, புதன்கிழமை மாலை, ரத்னா."

கூட்டம் கடிதத்தையும் டப்பியையும் மாறி மாறிப் பார்த்தது.

"பிரிக்காமயே படிப்பியே நைனா," என்றாள் ரத்னா, "ராத்திரி பூரா உங்காலாண்டதான கெடந்துது. இத்த மட்டும் ஏன் படிக்கல?"

அடிகளார் அந்தக் கணமே மௌன விரதம் ஆரம்பித்துவிட்டார். ராகவன் மாமாவுக்கு முப்பது வருஷ மேனேஜர் குரல் திரும்பி வந்தது. மேடைக்குப் பின்னால் தொங்கிய திரையைக் காட்டி, "அந்தத் திரையை விலக்குங்கோ!" என்று கத்தினார். விலக்கினார்கள். ஒரு மிக்ஸி. ராசி நட்சத்திரத்தோடு காலி உறைகள். உரித்துப்போட்ட அட்டைகள் மூட்டையாக. அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை, கொசுவத்தி, நடுவில் தலை அளவுக்கு எண்ணெய்க்கறை படிந்த தலையணை. பன்னிரண்டு வருஷமாகத் தூங்காத தலை!

போலீஸ் வரும்வரை அடிகளாரைச் சுற்றிக் கூட்டம் நின்றது. இந்த முறை யாரும் காலில் விழவில்லை.

டில்லிபாபு ஹால் படியில் உட்கார்ந்திருந்தான். "அக்கா, அப்ப போன வாரம் என்னத் தூங்க வெச்சது?"

"உம் மாத்திரதான்டா. வேற இன்னா?"

அவன் ஓவென்று அழுதான். "அந்தப் புள்ளைங்கள நடுரோட்டுல வெச்சிக்கினு... பஸ்ஸு அடிச்சிருந்தா இன்னாக்கா ஆயிருக்கும்?" ரத்னாவும் அழுதாள். அப்புறம் பையிலிருந்து அரை மாத்திரையும் தண்ணீர் பாட்டிலும் எடுத்தாள். இந்தத் தடவை வாயைத் திறந்தான்.

டாக்டர் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். ராத்திரி பத்து மணிக்குப் படுக்கை. மாதக்கணக்கில் அரை, அப்புறம் கால். நடுவில் சில நாள் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அன்றைக்கெல்லாம் அக்காவுக்குப் போன் செய்வான். நன்றாகத் தூங்கிய மறுநாள் அவ்வளவாக அடித்துக்கொள்ளவில்லை என்று அவனே கண்டுபிடித்தான். கை நடுக்கம் நின்றதும் டாக்டரைக் கேட்டு, ரத்னா சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். இதில் சித்து ஒன்றும் இல்லை. அதனால் யாரும் வரிசையில் நின்று பார்க்கவும் இல்லை.

கடைசியாக ஒன்று. அடிகளார் உள்ளே போன மறுவாரம் கடைக்கு ஒருவர் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, நல்ல படித்த முகம், அன்று ஹாலில் முன்வரிசையில் இருந்தவர். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஏம்மா, எனக்கு ஏழரைச் சனி நடக்குது. அன்னிக்குக் கறுப்பா வந்துதே, அந்த மாத்திரை ஒரு அட்டை குடேன்."

ரத்னா அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வாயுவுக்கு வோணும்னா தர்றேன் சார். உங்களுக்கு வேண்டிய சரக்கு எந்தக் கடையிலயும் கெடைக்காது. அத்த கழுத்துக்கு மேல சும்மாவே தூக்கிக்கினு திரியறீங்க. ஒரு தபா எறக்கி யூஸ் பண்ணிப் பாருங்க."