ஏழாவது கேள்வி

அறம் என்பது ஆளுக்கொரு விதமாக இருக்க முடியாது என்ற பேருண்மையை அந்தத் திருச்சபையில் முதலில் கண்டுபிடித்தவர் செயலாளர்தான். அவருக்கு முன்பே கடவுள் சொல்லியிருந்தார் என்பது வேறு விஷயம். கடவுள் படிவம் அச்சடிக்கவில்லை.

செயலாளர் அச்சடித்தார். 'சுய ஆராய்ச்சிப் படிவம்', கேள்விகள் பத்து. அவரவர் மனச்சாட்சியைத் தொட்டு நிரப்ப வேண்டும். பத்துக்கும் 'ஆம்' வந்தால்தான் ஞாயிற்றுக்கிழமை அப்பமும் ரசமும் பெறும் திருப்பந்தியில் இடம். 'மாறாத அளவுகோல்' கசங்கிவிடக் கூடாதென்று, ஆலய வாசலில் ஒட்டும் பிரதிக்கு லேமினேஷன் வேறு.

வெள்ளிக்கிழமை மாலை தன் படிவத்தோடு உட்கார்ந்தார். ஆறு கேள்விகளை அநாயாசமாகத் தாண்டினார். ஏழு: 'சகோதரனோடு ஒப்புரவாகிவிட்டீரா?' பேனா நின்றது.

தம்பியோடு பேசி ஆறு வருஷம். அப்பாவின் கல்லறையில் தம்பி பெயர் மேலேயும் இவர் பெயர் கீழேயும் வந்துவிட்டது. கல் கொத்தியவர் செய்த பிழைதான். ஆனால் முன்பின் தெரியாதவரிடம் கோபித்துக்கொள்ள முடியுமா? அதற்கென்றுதானே கூடப்பிறந்தவர்கள் இருக்கிறார்கள்.

"'ஆம்'னு போட்டுட்டுப் போங்களேன்," என்றாள் மனைவி.

"அஞ்சாவது கேள்வியே பொய் பத்திதான். அதுல மாட்டிக்குவேன்."

"அப்ப தம்பிகிட்ட போய்ப் பேசுங்க."

"அதுக்கு அவசரக் கூட்டம் போடுறதே சுலபம்!"

மறுநாளே போட்டார். தம்பியும் சபைக் குழு உறுப்பினர். இருவருக்கும் நடு நாற்காலியில் போதகர்.

"ஏழாவது கேள்வி பலபேர் மனசைப் புண்படுத்துது. நீக்கணும்னு முன்மொழியறேன்," என்றார் செயலாளர்.

தம்பி போதகர் பக்கம் திரும்பினார். "நான் வழிமொழியறேன்னு அண்ணன்கிட்ட சொல்லிடுங்க."

"தம்பிக்கு நன்றின்னு சொல்லிடுங்க."

போதகர் இரண்டையும் முறையே தெரிவித்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மாறாத அளவுகோல் இனி ஒன்பது கேள்விகளோடு மாறாமல் இருக்கும் என்று குறிப்பேட்டில் பதிவாயிற்று.

கையெழுத்துப் போடக் குனிந்த தம்பியின் காதோரம் நரைத்திருப்பதைச் செயலாளர் அப்போதுதான் பார்த்தார். அப்பாவுக்கும் அங்கேதான் முதலில் நரைத்தது. குறிப்பேட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

போதகர் கவனித்துவிட்டார். சட்டென்று இருவர் கையையும் பிடித்துக்கொண்டார். "ஆறு வருஷத்துல இன்னைக்குத்தான் ரெண்டு பேரும் ஒத்துப்போயிருக்கீங்க. அப்படியே ஒரு வார்த்தை பேசிடுங்களேன்."

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி அண்ணனைப் பார்த்தார். பிறகு இருவரும் போதகரிடம் திரும்பி, ஒரே குரலில் சொன்னார்கள்:

"அந்தக் கேள்வியைத்தான் எடுத்தாச்சே!"